தலையில்லாத மாப்பிள்ளை

பனியன் பெட்டியின் மேல் ஓர் ஆள் நிற்பாரே, கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாமல், இடுப்புக்குக் கீழேயும் ஒன்றுமில்லாமல், நடுவில் மட்டும் செதுக்கி வைத்ததுபோல. அவருக்கும் ஒரு வீடு உண்டு, மனைவி உண்டு, மாமனார் உண்டு என்று பெட்டியைப் பிரிக்கிறவர்கள் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பனியனை எடுத்துக்கொண்டு பெட்டியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அப்படித் தூக்கிப் போட முடியாத நிலைமை ஒருத்திக்கு மட்டும் இருந்தது. அவள் அந்தப் பெட்டிக்காரரின் மனைவி.

கூத்தைப் பாருங்கள், அவளுக்கு வேலையும் அதே கம்பெனியின் பேக்கிங் கூடத்தில்தான். பனியனை அட்டையில் சுற்றி மடிக்க வேண்டும், பெட்டிக்குள் நுழைக்க வேண்டும், மூடியைச் சாத்தி ஓர் அமுக்கு அமுக்க வேண்டும். அமுக்குகிற இடம் சரியாக அவர் நெஞ்சுக்குழி. பகல் முழுக்கப் புருஷனின் நெஞ்சை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கேயும் அதே நெஞ்சு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருக்கும்.

கூடத்துப் பெண்கள் அவளுக்கு மாடலம்மா என்று பேர் வைத்திருந்தார்கள். "மாடலம்மா, இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் எங்க கையில ரொம்பக் கசங்கிட்டார், கோவிச்சுக்காத" என்பாள் மேஜையக்கா. மடிப்பு மேஜைக்கு அவள்தான் தலைவி. அட்டைக்கட்டை ஒற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடியே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறவள். மாடலம்மாவும் கூடச் சிரிப்பாள். ஆரம்பத்தில் அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது. பொய் சொல்வானேன், நிறையவே இருந்தது.

அவர்கள் குடியிருந்தது நான்காவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, அதன் கதவில் 'பழுது' என்று ஒரு பலகையும் தொங்கியது. அந்தப் பலகையே எழுத்து அழிந்து பழுதாகிவிட்டது. குடிதண்ணீர் கேன் கீழே வாசலில் இறங்கும். அதை நான்கு மாடி தூக்கிக்கொண்டு வருவது மாடலம்மா. பெட்டிக்காரர் கதவைத் திறந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். அவள்தான் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் தேட வேண்டும்.

"ஒரு பக்கமா வெயிட் தூக்கினா பக்கத்தசை தடிச்சிடும்" என்று அவர் ஒருமுறை விளக்கினார். "இடுப்பு அகலமாயிடும். பெட்டில இடுப்பு குறுகித்தான் இருக்கணும்."

விளக்கம் சொல்வதில் மனிதர் மன்னன். ஜிம்மிலிருந்து வாங்கிவந்த ஒரு பெரிய படம் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. தோலை உரித்துவிட்டு, உள்ளே இருக்கிற சதையையெல்லாம் சிவப்பு சிவப்பாகக் காட்டுகிற மனிதன். முட்டையின் வெள்ளைக் கருவைத் தின்றபடியே அந்த ஆளைப் பார்த்துப் பாடம் நடத்துவார்.

"மார்புத்தசை இருக்கே, கைய உள்பக்கமா இழுக்கறது இதோட வேலை. யாரையாச்சும் கட்டிப்பிடிக்கணும்னா இதுதான்."

அவளைக் கட்டிப்பிடித்துப் பல மாதம் ஆகியிருந்தது. தோலில் தடம் விழுமாம், படத்தில் தெரியுமாம்.

"விலா ஓரத்துல விரல் விரலா தெரியுது பாரு, இது தோள்பட்டைய முன்னாடி தள்றது. கதவு தள்றது, வண்டி தள்றது எல்லாம் இதாலதான். நடுவுல கட்டம் கட்டமா இருக்கறது வயித்து நேர்த்தசை. உடம்ப முன்பக்கம் மடக்கும். அதுக்கு உள்ள குறுக்கால ஒண்ணு பெல்ட் மாதிரி சுத்திப் போவும், பாரம் தூக்கறப்ப அது இறுக்கிப் பிடிக்கலன்னா நாம காலி. ஆனா அது வெளிய தெரியாது, அதனால நான் அதுக்கு மெனக்கெடறதில்ல."

"முதுகு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"முதுகு பெட்டில வராது" என்றார் பெட்டிக்காரர்.

இந்த வீட்டுக்குத்தான் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லி ஓய்வுபெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து தட்டுத்தடுமாறி வீட்டுக்குள் நடக்கிற அளவுக்குத்தான் தேறியிருந்தார். போதாததற்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரே நிற்கிறவர் ஆளா அலமாரியா என்பதே சந்தேகம். குரல் மட்டும் அப்படியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வீட்டு நடப்பையெல்லாம் அறிவித்துக்கொண்டிருப்பார்.

"குளியலறையிலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை, கண்ணாடியை வந்தடைகிறார். மறு அறிவிப்பு வரும்வரை அங்கேயே நிற்பார்."

கால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மூன்றாவது மாடிக்காரர்கள் கீழே சிரிப்பது கேட்கும். பெட்டிக்காரர் சிரிக்கமாட்டார். சிரித்தால் உதரவிதானம் குலுங்குமாம், வயிறு தளருமாம். சுவரில் இருந்த சிவப்பு மனிதனை மட்டும் கிழவர் யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று முதல் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். "அவர் நின்னுக்கிட்டே இருக்காரே, உக்காரச் சொல்லும்மா" என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கண் மருத்துவமனையில் அலையாய் அலைந்து, காத்துக் கிடந்து, கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலைக்குத் தேதி கிடைத்தது. முதலில் வலது கண். இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அவர் கண்ணைப் பார்த்திருந்த டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: புரை பழுத்துப் போயிருக்கிறது, இன்னும் தள்ளிப் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இருக்கிற வெளிச்சமும் போய்விடும், இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது. மாடலம்மாவுக்கு அன்றிலிருந்து ஒரே கவலைதான். அப்பாவை எப்படி நான்கு மாடி இறக்குவது? அவரால் படியில் ஓர் அடிகூட வைக்க முடியாது.

கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டிலேயே பெட்டிக்காரர் இருக்கிறாரே!

"வியாழக்கிழமை அப்பாவ கீழ எறக்கணும்" என்றாள்.

"எறக்கலாமே. யார் எறக்கறது?"

"நீங்கதான்."

பெட்டிக்காரர் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தார். "அன்னிக்கு மத்தியானம் எனக்கு ஷூட்டிங். புதுப் பெட்டிக்கு. ஒனக்கே தெரியும்."

"தெரியும். காலையில எறக்கிட்டு மத்தியானம் போங்க. அப்பா என்ன மூட்டையா? எலும்பும் தோலுமாத்தான் இருக்கார்."

"எலும்பும் தோலும்னாலும் வெயிட்டு வெயிட்டுதான். படியில தூக்கிட்டு எறங்கினா பக்கத்தசை எல்லாம் இரத்தம் ஏறி வீங்கிக்கும். கேமரா பொய் சொல்லாது." குரலைத் தாழ்த்தி, ஏதோ பெரிய தத்துவம் சொல்கிறவர்போலத் தொடர்ந்தார். "இது என்னோட உடம்புன்னு நெனக்கிறியா? இது கம்பெனியோட உடம்பு. நான் சும்மா காவல்காரன்."

அவளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு எந்தத் தசை பொறுப்பு என்று கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பேர் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தேய்த்த தேய்ப்பில் அதன் பூவேலை அழிந்துபோகாதது ஆச்சரியம்.

மறுநாள் மேஜையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மடித்தவளை மேஜையக்கா இரண்டே கேள்வியில் பேசவைத்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த பெட்டியைத் திருப்பி, மேலே இருந்த நெஞ்சை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தன கட்டம் எதுக்குடி இருக்கு? தாயம் ஆடவா?" என்றாள். பிறகு, "அழாத. நாங்க மூணு பேரு வரோம். நீ ஒண்ணு. நாற்காலிக்கு நாலு காலுதானே? தினமும் அட்டக்கட்டு தூக்கறோம், ஒரு மனுசன தூக்கமாட்டமா?"

வியாழக்கிழமை விடிந்தது. பெட்டிக்காரர் முந்தின நாள் காலையிலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தார். உடம்பில் நீர் வற்றினால்தான் தோல் சதையோடு ஒட்டி, கட்டங்கள் தெரியுமாம். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஆள் பார்ப்பதற்கு நோயாளி மாதிரியும் சட்டையைக் கழற்றினால் சிலை மாதிரியும் இருந்தார். மூன்று பெண்களும் வந்து சேர்ந்தார்கள். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய பனியன் துணியைக் கிழித்து முடிந்த கயிற்றால் பெரியவரைக் கைவைத்த நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"நாலாவது மாடியிலிருந்து புறப்படவேண்டிய வண்டி" என்று பெரியவர் ஆரம்பித்தார், "நாலு பெண்களின் தயவால் இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

"அப்பா, சும்மா இருங்க. கைய உள்ள வச்சுக்குங்க."

பெட்டிக்காரர் சும்மா இருந்திருக்கலாம். உள்ளேயே நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவருக்கு மனசாட்சி உறுத்தியதோ, நான்கு பெண்கள் தூக்கும்போது தான் ஒருவன் இடிச்சபுளி மாதிரி நிற்பது பொறுக்கவில்லையோ, வழிகாட்டக் கிளம்பிவிட்டார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, நாற்காலிக்கு முன்னால் படியில் பின்பக்கமாகவே இறங்கியபடி வகுப்பெடுத்தார்.

"முதுக வளைக்காதீங்க. முழங்கால மடக்குங்க. தூக்கறப்ப மூச்ச வெளிய விடணும். வயித்த உள்ள இழுத்து இறுக்குங்க, குறுக்குத்தசை பெல்ட் மாதிரி பிடிக்கும். முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி ஓடுதில்ல, அதுதான் உங்கள நிமித்தி வைக்குது. அத நம்புங்க."

"நம்பறோம் அண்ணா" என்றாள் பின்கால் பிடித்திருந்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க கொஞ்சம் நகந்தா அத நம்பிக்கிட்டே எறங்கிடுவோம்."

"பாரத்த உடம்போட ஒட்டிப் பிடிக்கணும். தள்ளிப் பிடிச்சா முதுகுக்குப் பல மடங்கு வேலை."

சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் மாடலம்மாவுக்குத் தாங்கவில்லை. தெரியாதவன் செய்யாமல் இருந்தால் போகட்டும் என்று விடலாம். இந்த மனிதருக்கு எந்தச் சதை எதற்கு என்று அட்சரம் பிசகாமல் தெரிகிறது, தன்னுடையதைத் தவிர ஊரில் இருக்கிற சதையையெல்லாம் வேலை வாங்கத் தெரிகிறது. நாற்காலியின் முன்கால் அவள் உள்ளங்கையில் வெட்டிக்கொண்டிருந்தது. உதவி செய்யாவிட்டாலும் பரவாயில்லை, வாயையாவது மூடக்கூடாதா என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெரியவரின் வலது செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. படியில் ஒரு குதி குதித்து, பெட்டிக்காரரின் காலடியில் போய்க் குப்புறக் கிடந்தது.

எட்டுக் கைகளும் நாற்காலியில். சும்மா இருந்தவை அந்த இரண்டு கைகள்தான். நான்கு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். பெட்டிக்காரர் செருப்பைப் பார்த்தார். ஒரு செருப்பு. அதற்கு எந்தத் தசை தடிக்கப்போகிறது என்று நினைத்திருப்பார். முழங்காலை மடக்காமல், மூச்சை வெளியே விடாமல், வயிற்றை இறுக்காமல், சொன்னதில் ஒன்றையும் செய்யாமல் அப்படியே பக்கவாட்டில் திரும்பிக் குனிந்தார்.

"ஹக்" என்று ஒரு சத்தம் வந்தது.

அட்டைப்பெட்டி மடிப்புக்கோட்டில் மடிகிற மாதிரி மடிந்தவர், மடிந்தபடியே நின்றுவிட்டார். நெற்றி முழங்காலுக்கு அருகில். ஒரு கையில் செருப்பு. முன்பக்கம் முழுக்க இரும்பு, பின்பக்கத்தில் அதைப் பிடித்து நிமிர்த்த நாதியில்லை.

"என்ன, வண்டி ஏன் நிக்குது?" என்றார் பெரியவர். "சிக்னல் விழலையா?"

"மாப்பிள்ளைக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு அப்பா."

"முதுகா? அவருக்கு அது இருந்துதா?"

"என்னைய... என்னைய மொதல்ல நிமித்துங்க" என்று தரையைப் பார்த்து முனகினார் பெட்டிக்காரர். "யாராச்சும் ஒருத்தர்... மெதுவா..."

ஒருத்தர் கையை விட்டாலும் நாற்காலி சாயும். கீழே வாடகைக் கார் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தது. மாடலம்மா புருஷனின் குனிந்த முதுகைப் பார்த்தாள். அப்பாவின் வெள்ளை படர்ந்த கண்ணைப் பார்த்தாள். அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

"அக்கா, தாண்டிப் போயிடலாமா?"

"அவரே குனிஞ்சு வழி விட்டிருக்காரே" என்றாள் மேஜையக்கா. "எல்லாரும் மூச்ச வெளிய விடுங்கடி. வயித்த இறுக்குங்க. ம், தூக்கு!"

நாற்காலி தோள் உயரத்துக்கு எழும்பியது. பெரியவர் பல்லக்கில் போகிறவர்போல மருமகனுக்கு மேலாகப் போனார். போகும்போது அவருடைய வெறுங்கால் பெட்டிக்காரரின் முதுகில் பட்டு, கொஞ்சம் ஊன்றி, நகர்ந்தது. கண்ணீரும் வியர்வையுமாக இருந்த மாடலம்மாவுக்கு அந்த நேரத்திலும் ஒன்று தோன்றியது: கல்யாணமான நாளிலிருந்து இந்த உடம்பு வீட்டுக்கு உபயோகப்பட்டது இதுதான் முதல் தடவை.

பெரியவரைக் காரில் ஏற்றி மகளோடு அனுப்பிவிட்டு, மூன்று பெண்களும் அதே நாற்காலியோடு திரும்பி மேலே ஏறினார்கள். மடிந்து கிடந்தவரை மடிந்தபடியே அதில் வைத்து இறக்கினார்கள். செருப்பு அவர் கையிலேயே இருந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்த அதே மருத்துவமனையின் அடுத்த கட்டடத்தில் மாப்பிள்ளை ஊசி போட்டுப் படுக்கவைக்கப்பட்டார். "இவ்ளோ பலவீனமான முதுகுத்தசைய வயசானவங்ககிட்டதான் பாத்திருக்கேன்" என்றார் அங்கிருந்த டாக்டர். "முன்னாடி பாத்தா வேற ஆள் மாதிரி இருக்கீங்க."

மனைவி வந்து எட்டிப் பார்த்தபோது, படுத்த படுக்கையிலும் பெட்டிக்காரருக்கு ஒரே நினைப்பு. "கம்பெனிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு. ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லு. வேற யாரையும் கூப்பிட்டுடப் போறாங்க."

அவள் வராந்தாவுக்குப் போய், டிசைன் பிரிவுக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு சின்னப்பெண் குரல்.

"யாரு? ஓ, பழைய பாக்ஸ்ல இருந்தவரா? ஐயோ, அவருக்கு யாருமே சொல்லலையா? ஷூட்டிங்க கேன்சல் பண்ணிட்டோம். போன தடவ எடுத்த படத்தையே கம்ப்யூட்டர்ல போட்டு நல்லா டெவலப் பண்ணிட்டோம். இனிமே அவர் வரவேண்டியதே இல்ல. அந்தப் படம் கம்பெனியோடதுதானே?"

மாடலம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். வெடித்த உதடும் வற்றிய கண்ணும் நினைவுக்கு வந்தன. இத்தனை நாள் அந்த மனிதர் மேல் இருந்த கோபம் எல்லாம் ஒரு நிமிஷம் வேறு பக்கம் திரும்பி, திரும்பிய இடத்தில் மோத ஆளில்லாமல் நின்றது. உள்ளே போனாள்.

"தள்ளி வச்சிருக்காங்களாம்" என்றாள். "மொதல்ல தண்ணி குடிங்க."

அதே நாற்காலியில் மேலே ஏற்றிக் கொண்டுவந்த பெரியவரின் கண் நல்லபடியாகத் தேறியது. கட்டுப் பிரித்த நாளிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு சோப்புக் கவர், மருந்துச் சீட்டு, மின்சாரப் பெட்டியின் எச்சரிக்கை என்று எது கிடைத்தாலும் உரக்க வாசித்தார். சுவரில் இருந்தவரை அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "இவரா விருந்தாளி! தோலக்கூட விட்டு வைக்கலையே" என்று வருத்தப்பட்டார். பெட்டிக்காரர் இடுப்பில் அகலமான பட்டை கட்டிக்கொண்டு, வயதான பெண்கள் செய்கிற முதுகுப் பயிற்சியை அவர்களோடு சேர்ந்து செய்துவிட்டு வந்து, ஷூட்டிங் தேதிக்காகக் காத்திருந்தார்.

தேதி வரவில்லை, பெட்டி வந்துவிட்டது.

பேக்கிங் கூடத்தில் புதுப் பெட்டிக் கட்டைப் பிரித்ததும் மேஜையக்கா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வழக்கமான ஆறு கட்டத்துக்குப் பதிலாக எட்டு. விலா ஓரத்து விரல்கள் சீப்பு மாதிரி வரிசை பிசகாமல். இடுப்போ ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்போல. எல்லாம் சரி, எங்கேயோ இடித்தது. இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஏண்டி மாடலம்மா, இவருக்குத் தொப்புள் எங்க?"

கூடமே மடிப்பதை நிறுத்திவிட்டு ஓடிவந்தது. மேலே தேடினார்கள், கீழே தேடினார்கள். தொப்புள் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று, துடைத்துவிட்ட சிலேட்டாக இருந்தது. "பெத்தவளுக்கு வலியே இருந்திருக்காது" என்றாள் ஒருத்தி. "இவர் பொறக்கல, அச்சடிச்சு வந்தவர்" என்றாள் இன்னொருத்தி. சூப்பர்வைசர் பதறிப்போய் டிசைன் பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்டார். படத்தின் நடுவில் ஒரு கறுப்புக் கறை இருந்ததாம், அசிங்கமாகத் தெரிந்ததால் அழித்துவிட்டார்களாம். மேலதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜனங்கள் பனியன் அளவைத்தான் பார்ப்பார்கள், அப்படியே போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

மாடலம்மா சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைத் தட்டையாக மடித்து, கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. அடுப்பு மேடை இழுப்பறையில், துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். வாசிக்க எழுத்துக் கிடைக்காமல் வீட்டைத் துழாவிக்கொண்டிருந்த ஒற்றைக் கண்ணுக்கு அந்த இழுப்பறை எம்மாத்திரம்? மறுநாள் அவள் தண்ணீர் கேனோடு நான்கு மாடி ஏறி, சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோதே உள்ளேயிருந்து அறிவிப்பு கேட்டது.

"காணவில்லை! எட்டுக் கட்டம் உள்ள ஒரு ஆணின் தொப்புள் காணவில்லை! கண்டெடுத்தவர்கள் நிலைய அதிகாரியை அணுகவும்!"

அவள் கேனை வாசலிலேயே விட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பெட்டிக்காரர் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். சட்டை இல்லை, இடுப்புப் பட்டையையும் அவிழ்த்துப் போட்டிருந்தார். பிரித்து நிமிர்த்திய பெட்டி கண்ணாடியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் தன்னுடைய தொப்புளின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, பெட்டியையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரேன்" என்றார், அவளைத் திரும்பிப் பார்க்காமல். "தொப்புள் இல்லன்னா ரெண்டு பக்கமும் இன்னும் நல்லா ஒத்துப் போவுது. ஆனா கீழ ரெண்டு கட்டம் எப்ப வந்துதுன்னுதான் தெரியல. நான் கவனிக்கவே இல்ல போலிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. வரவில்லை.  இந்த மனிதரைப் பார்த்து இவ்வளவு பரிதாபப்பட முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"அது நீங்க இல்லங்க" என்றாள்.

"என்ன சொல்ற? மேல இருக்கற மச்சம் என்னோடது."

"மச்சம் ஒங்களோடது. மத்ததெல்லாம் கம்ப்யூட்டர். அன்னிக்கே போன்ல சொல்லிட்டாங்க, ஷூட்டிங்கே கிடையாதுன்னு. நீங்க நிமிந்து நடந்து போயிருந்தாலும் வாசலோட திருப்பி அனுப்பியிருப்பாங்க. தண்ணி குடிக்காம கெடந்தீங்களே, அதக்கூட யாரும் கேக்கல. இனிமே ஒங்களக் கூப்பிடமாட்டாங்க."

  பெட்டிக்காரரின் கட்டைவிரல் மெல்ல இறங்கியது. அவர் வயிற்றை எக்கியே வைத்திருந்தார் என்பது, அதை விட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒன்றும் பெரிய தொப்பை இல்லை. மனிதனுக்கு இருக்கவேண்டிய அளவுதான்.

"அப்ப இது யாரோட உடம்பு?" என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"வீட்டோடது" என்றாள் அவள். "கேன் வெளிய வாசல்ல இருக்கு. அத எடுத்துட்டு வாங்க. அப்பாவுக்கு ரெண்டாவது கண்ணுக்குத் தேதி குடுத்துட்டாங்க, அதுக்குள்ள பழகிக்கணும்."

அவர் கேனைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் வழியெல்லாம் தண்ணீர். இரண்டு தரம் கீழே வைத்தார். அவள் துணியை எடுத்துப் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது கண்ணுக்குப் போன அன்று நாற்காலியின் மூன்று காலை அதே மூன்று பெண்கள் பிடித்தார்கள். நான்காவது, முன்பக்கத்து வலது கால், பெட்டிக்காரருக்கு. மாடலம்மா இந்தத் தடவை அப்பாவின் செருப்பை முன்கூட்டியே கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டாள். முதல் படியிலேயே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. எடுத்தது அவரில்லை.

"அண்ணா, முழங்கால மடக்குங்க."

"மூச்ச அடக்காதீங்க அண்ணா, வெளிய விடுங்க."

"அந்தக் குறுக்குத்தசைன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது எங்க போச்சு? இறுக்குங்க!" இது மேஜையக்கா. "பாரத்த உடம்போட ஒட்டிப் பிடிங்க. மாமனார்தானே, ஒட்டிக்கிட்டா தப்பில்ல."

 அவருக்குப் பேச மூச்சில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி வைக்கச் சொன்னார், தண்ணீர் குடித்தார். இரண்டாவது மாடி ஜன்னல் கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தபோது பழக்கதோஷத்தில் வயிற்றை எக்கினார், எக்கியதில் நாற்காலி ஒரு பக்கம் சாய, நான்கு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். உடனே விட்டுவிட்டார். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, நரம்பு புடைத்து, கன்னத்தில் வியர்வை வழிய, அழகு என்பது மருந்துக்கும் இல்லாத ஒரு கோலத்தில், அவர் முகம் பெரியவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

பெரியவர் தன் நல்ல கண்ணைச் சுருக்கி, மருமகனை ஆற அமர உற்றுப் பார்த்தார். ஏதாவது அறிவிப்பு வருமென்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் வந்துகொண்டிருந்த மகளிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னார்:

"கல்யாணத்தன்னிக்குப் பாத்தது. அதுக்கப்புறம் கண்ணாடிதான் பாத்துது, இப்பத்தாம்மா நான் மாப்பிள்ள மூஞ்சியப் பாக்கறேன். சுமாராத்தான் இருக்கார். ஆனா இருக்கார்."